பித்தளை ஒட்டு

இறந்துபோன லாபிர் ஹாஜியாரின் பச்சை எம்.ஜி. காரை அவர் மகன் ஸஜ்ஜாத் லொறியில் ஏற்றி எங்கள் கராஜுக்குக் கொண்டுவந்த அன்றே, இதைத் தொடாதே என்று ரமேஸிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பயம்தான் காரணம். வேறு காரணம் தேடிச் சொன்னால் அது பொய்.

கராஜ் உக்குவளை ரோட்டில் இருக்கிறது. அதற்கு முன்னால் எல்கடுவப் பக்கத் தோட்டமொன்றில், தேயிலை ஃபேக்டரியில் பிட்டராக இருந்தேன். அங்கிருந்து இறங்கி வந்து தகரம் அடித்து, வெல்டிங் பிடித்து, இந்தக் கராஜை முப்பத்தெட்டு வருஷம் நடத்தினேன். இப்போது மகன் ரமேஸ் நடத்துகிறான். வாசலில் ஒரு பழைய லொறி சீட்டைப் போட்டு உட்கார்ந்து, யார் எந்த ஸ்பெனரை இடுப்பில் செருகிக்கொண்டு போகிறான் என்று பார்ப்பதுதான் இப்போது என் வேலை.

ஸஜ்ஜாத் மாத்தளை டவுனில் மிளகும் கராம்பும் வாங்கி கொழும்புக்கு அனுப்புகிறவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். லொறியிலிருந்து இறங்கும்போதே கையில் ஒரு தடித்த ஃபைல்.

"இருளாண்டி அண்ணே, ஒங்கட கைல வளந்த கார் தானே இது," என்றார். "வாப்பா மவுத்தான பொறகு சும்மா கெடந்த. இப்ப பழைய கார்களுக்கு ஒரு ரெலி, ஓட்டப் போட்டி, வெக்கிறாங்க. கொழும்புல தொடங்கி மூணு நாள். நம்மட எல்கடுவ ரோட்டாலயும் போகுது. அதுல ஓட்டணும்."

"ஓட்டுங்க மொதலாளி. யாரு வேணாங்கிறா?"

"சும்மா ஓட்ட ஏலா அண்ணே. கார் அந்தக் காலத்துல எப்பிடி இருந்திச்சோ அப்பிடியே இருக்கணும். அறுவத்தி நாலாம் ஆண்டு என்ன கார்புரேட்டரோ அதே. என்ன வயரோ அதே. கொழும்புல இருந்து ஒருத்தர் வந்து பாத்து பேப்பர் தருவாரு. அந்தப் பேப்பர் இல்லாட்டி கிட்டயும் எடுக்க மாட்டாங்க."

நல்லதைக் கழற்றி வீசிவிட்டு ஓட்டையைப் பூட்டுவதற்கு ஒரு பேப்பர். கொழும்புக்காரர்களுக்குப் பொழுது போகவில்லை என்றால் மாத்தளைக்காரன் தலையில் ஏறுவார்கள். ஆனால் ரமேஸின் முகத்தைப் பார்த்தேன். சாமி வந்தவன் மாதிரி காரைச் சுற்றிச் சுற்றி வந்தான். இந்தக் கார் பேப்பர் எடுத்துவிட்டால் கொழும்பில் இருக்கிற பழைய கார்க்காரர்கள் எல்லாம் இந்தக் கராஜைத் தேடி வருவார்கள் என்று ஸஜ்ஜாத் அவனிடம் சொல்லி வைத்திருந்தார்.

ரமேஸ் ஃபைலை விரித்து வாசித்தான். நாற்பது பக்கம், எல்லாம் இங்கிலீஷ். எனக்கு அது ஏறாது. அவன் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னான். டயர் இவ்வளவு அகலம். பின்பக்க பிரேக் டிரம்மாகத்தான் இருக்க வேண்டும். கார் உருண்டால் தலை நசுங்காமலிருக்க உள்ளே ஒரு குழாய்க் கூடு போட வேண்டும். பிறகு ஒரு இடத்தில் நின்றான்.

"காரோட பொடி, ஒடம்பு, எப்பவாச்சும் வெட்டி ஒட்டினதான்னு கேக்கிறாங்க மொதலாளி. என்னா போடுறது?"

"ஒரே துண்டு," என்றார் ஸஜ்ஜாத். "ஒரே கார், ஒரே ஓனர். எங்கட வாப்பா. என்ன அண்ணே?"

நான் காதைச் சொறிந்தேன். ரமேஸ் எழுதிக்கொண்டான்.

போகும்போது ஸஜ்ஜாத் காரின் இடது பக்க சீட்டைத் தட்டிக் காட்டினார். "இதுல யாரு இருக்கப் போற தெரியுமா அண்ணே? ஒங்கட மவன். ரமேஸ்தான் மெப்ப வெச்சிக்கிட்டு எனக்கு வழி சொல்லப் போற."

முப்பத்தாறு வயதுக்காரன், பள்ளிக்கூடம் போகிற மகளுக்குத் தகப்பன், கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி வெட்கப்பட்டான்.

அந்தக் கார் ஒரே துண்டு இல்லை. இரண்டு கார். ஒட்டினவன் நான்.

எண்பத்தொன்பதாம் வருஷம். முதல் நாள் வீட்டில் இருந்த ஆளை மறுநாள் காணோம் என்ற காலம் அது. பல்லேபொலப் பக்கம் ஒரு லொறி பின்னால் இடித்து ஹாஜியாரின் காருக்குப் பின்பக்கம் என்று ஒன்றும் மிச்சமில்லை. பத்து நாள் கழித்து அவர் லொறியில் வைக்கோலுக்குக் கீழே மூடி இன்னொரு காரைக் கொண்டுவந்தார். அதே ஜாதி, சிவப்பு. அதன் முன்பக்கம் எரிந்து கரியாகிக் கிடந்தது. பின்பக்கம் நல்லது. யாருடைய கார் என்று நான் கேட்கவில்லை. அந்த வருஷம் யாரும் யாரிடமும் எதையும் கேட்கவில்லை.

"நம்பர் முன்பக்கத்துல தானே ஈக்கு இருளாண்டி," என்றார் ஹாஜியார். "முன்பக்கம் என்ட. பின்பக்கத்த ஒட்டு. வாயத் தொறக்காத."

இரண்டையும் கதவுக்கு நேர்கீழே வெட்டி ஒன்றாக்கினேன். கூரை இல்லாத காருக்குக் கதவுகளுக்குக் கீழே ஓடுகிற இரண்டு இரும்புப் பெட்டிகள்தான் முதுகெலும்பு. அதைச் சில் என்போம். சரியாக அந்தச் சில்லில்தான் வெட்டும் ஒட்டும். இரும்புக் கம்பி வைத்து ஒட்டியிருக்க வேண்டும். அதற்குக் கேஸ் நிறைய வேண்டும். கண்டியிலிருந்து ஒட்சிசன் சிலிண்டர் வருவது நின்று மூன்று கிழமை. இருந்தது அரைச் சிலிண்டர். பித்தளைக்குச் சூடு குறைவாகப் போதும். பித்தளைக் கம்பியை உருக்கி ஒட்டினேன். மேலே ஒரு தகட்டுப் பட்டி, அதன்மேல் ஈயம், அதன்மேல் தார்.

"ஒரு மாசத்துல திருப்பிக் கொண்டாங்க ஹாஜியார். இரும்பு வெச்சு ஒழுங்காப் புடிச்சுத் தாரேன்," என்று சொன்னேன். அவர் கொண்டுவரவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை. கார் ஓடியது. பள்ளிவாசலுக்கும் கல்யாண வீட்டுக்கும் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிற காருக்குப் பித்தளை போதும்.

கூடு போடுவதைப் பற்றி ரமேஸிடம் முதல் நாளே கேட்டேன். "வெல்டிங் பண்ணுவியா, பூட்டுவியா?"

"நட்டுப் போட்டுப் பூட்டுறோம்ப்பா. சீட்டுக்குப் பின்னால ரெண்டு, காலடியில ரெண்டு."

காலடியும் சீட்டுக்குப் பின்னாலும் என் ஒட்டுக்குத் தூரம். மனசு ஆறியது. நட்டுத்தானே, இருந்துவிட்டுப் போகட்டும், மூன்று நாள்தானே என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். இரண்டு மாதம் வேலை நடந்தது. ரமேஸ் எங்கெங்கோ அலைந்து பழைய டைனமோ, பழைய கார்புரேட்டர் எல்லாம் பிடித்துக்கொண்டு வந்தான். இடது பக்கக் கதவுக்கும் பொடிக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் நான் தினமும் விரல் நகத்தை விட்டுப் பார்ப்பேன். நகம் போகும். சில் தொய்ந்தால் முதலில் அந்த இடைவெளிதான் மேலே இறுகும்.

அந்த நேரம் பார்த்து எனக்குக் கண் ஒப்பரேஷன் வந்தது. வலது கண்ணில் புரை. மூன்று கிழமை வெல்டிங் வெளிச்சம் கூடாது, தூசி கூடாது என்றான் டொக்டர். அவனுக்கு அப்படிச் சொல்வதில் என்ன இலாபமோ. வீடு கராஜுக்குப் பின்னால்தான் இருக்கிறது, இருபது அடி. மருமகள் பிரவீனா கதவில் காவல் நின்றாள்.

"கராஜ் பக்கம் எட்டிப் பாத்தீங்கன்னா மருந்து ஊத்த மாட்டேன் மாமா. குருடாப் போங்க."

"ஒன் புருஷன் கண்ணத் தொறந்து வெச்சுக்கிட்டே குருடன். அவன மொதல்ல பாரு."

பதினாறாம் நாள் மருந்து ஊற்றும்போது அவளே சொன்னாள். "பைப் வேல முடிஞ்சிருச்சாம் மாமா. அவருக்கு ஒரே சந்தோஷம். நட்டு மட்டும் பத்தாதுன்னு கொழும்பு ஆளு மொதலாளிக்கு ஃபோன்ல சொன்னாராம். கதவுக்குக் கீழயும் ரெண்டு பக்கமும் தகடு வெச்சு வெல்டிங் பண்ணிட்டாங்களாம்."

"கதவுக்குக் கீழன்னா எங்க?"

"எனக்கென்னா தெரியும்? அசையாதீங்க, மருந்து காதுக்குள்ள போவுது."

மருந்து வழிய வழிய எழுந்து போனேன். அவள் பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தாள்.

ரமேஸ் கூட்டுக்குப் பிரைமர் அடிக்கத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். குனிந்து பார்த்தேன். சில்லின் மேல் உள்ளங்கை அளவு புதுத் தகடு. சரியாக என் ஒட்டின் தலைமேல். வெல்டிங் நன்றாகத்தான் இருந்தது, மீன் செதில் மாதிரி ஒரே சீர். அந்தத் தையலின் ஓரத்தில், ஊசி முனை அளவுக்கு, மஞ்சளாகக் கசிந்து உறைந்திருந்தது. பக்கத்தில் மாவு மாதிரி வெள்ளைத் தூள். மறுபக்கமும் போய்ப் பார்த்தேன். அங்கேயும் மஞ்சள்.

பித்தளை இருக்கிற இடத்தில் கரண்ட் வெல்டிங் பிடிக்கக் கூடாது. சூட்டில் பித்தளை உருகி இரும்புக்குள் புகுந்துவிடும். பார்க்க அழகாகப் பிடித்திருக்கும். உள்ளே இரும்பு பிஸ்கட் மாதிரி ஆகியிருக்கும். எந்தக் கிழட்டு டிங்கரைக் கேட்டாலும் சொல்வான். ரமேஸுக்கும் தெரியும். உள்ளே பித்தளை இருப்பதுதான் அவனுக்குத் தெரியாது.

"இந்தத் தூள் என்னான்னு யோசிச்சியா?" என்று கேட்டேன்.

"பழைய பெயிண்ட் எரிஞ்சதுப்பா."

"பித்தளை எரிஞ்சது. உள்ள பித்தளை இருக்கு. எண்பத்தொம்பதுல நான் வெச்சது. இது ரெண்டு காரு ரமேஸ். நடுவுல ஒட்டினது. அந்த ஒட்டு மேலதான் நீ வெல்டிங் புடிச்சிருக்க. உள்ள இரும்பு இப்ப பிஸ்கட்டு. வெட்டி எடுத்திரு."

ரமேஸ் துணியை மடித்துத் தோளில் போட்டான். பிறகு சிரித்தான்.

"அப்பா, நீங்க இதுவரைக்கும் யாரு வேலைய நல்ல வேலைன்னு சொல்லியிருக்கீங்க? யட்டவத்தக்காரன் கியர் போட்டா களவு சாமான். கண்டிக்காரன் பெயிண்ட் அடிச்சா தண்ணி கலந்தது. ஒங்க கண்ண நல்லாக்கின டொக்டரக்கூட கள்ளன்னீங்க."

"அவன் கள்ளன்தான்."

"பாத்தீங்களா? எனக்கு ஒரு நல்லது வந்தா ஒங்களுக்குப் பொறுக்காது. நான் அந்த சீட்டுல ஒக்காரக் கூடாது. அதுக்கு ஒரு கத."

"கதையில்லடா. நீ செத்துருவ. ஒரு வளைவுல காரு நடுவுல மடியும். கதவு தொறக்காது. ரெண்டு பேரும் உள்ள இருப்பீங்க."

பிரவீனா மருந்துக் குப்பியோடு அங்கேயே நின்றாள். ரமேஸ் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். மூலையில் கிடந்த ஏழு இறாத்தல் சம்மட்டியை எடுத்தான்.

"சரி. பிஸ்கட்டுன்னா நொறுங்கணும் தானே?"

ஓங்கி அடித்தான். தகடு மணி மாதிரி சத்தம் போட்டது. இன்னொரு அடி. மூன்றாவது அடிக்குக் கார் முழுக்கக் குலுங்கி ஜாக்கியிலிருந்து நழுவப் பார்த்தது. வெல்டிங்கில் ஒரு மயிரிழைகூட விடவில்லை.

"போதுமா?" என்றான், மூச்சு வாங்கிக்கொண்டு.

"அடிச்சா ஒடையாது. திருகினா ஒடையும். ரோட்டுதான் திருகும்."

"போய்ப் படுங்கப்பா," என்றான். பிரைமர் டப்பாவைத் திறந்தான். மஞ்சள் மறைந்துவிட்டது.

வீட்டுக்குள் வந்ததும் பிரவீனா கேட்டாள், "மாமா, நெசமாவா?"

"நெசம்."

"அப்ப இத்தன நாளு ஏன் சொல்லல?"

அவள் குப்பியை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அன்று மருந்து ஊற்றவில்லை.

அடுத்த கிழமை கொழும்பிலிருந்து ஆள் வந்தார். வெள்ளை முடி, மூக்குக் கண்ணாடி, கையில் காந்தக் கட்டி. நல்ல மனுஷர்தான், சந்தேகப்பட எனக்கே ஒன்றும் அகப்படவில்லை. ரமேஸோடு சிங்களத்தில் பேசினார். காந்தத்தைப் பொடி முழுக்க ஒட்டி ஒட்டிப் பார்த்தார். ஈயமோ புட்டியோ பூசி மறைத்த இடத்தில் காந்தம் ஒட்டாது, கண்டுபிடித்துவிடலாம். சில்லில் வைத்தார். இப்போது அங்கே மேலே இரும்புத் தகடு இருக்கிறது. பட்டென்று ஒட்டிக்கொண்டது.

சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். சிங்களம் எனக்கு நன்றாக வரும். மாத்தயா, இந்த இடத்தை வெட்டிப் பாருங்கள். அவ்வளவுதான், ஒரு வாக்கியம். அவரை நோக்கி இரண்டடி வைத்தேன்.

ஸஜ்ஜாத் என் கையைப் பிடித்தார். மரியாதையாகத்தான் பிடித்தார், கிழவனை வெயிலிலிருந்து கூட்டிக்கொண்டு போகிற மாதிரி. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"அண்ணே, ரமேஸ் எல்லாம் சொன்னான்," என்றார். "பாவம், தன்ட வாப்பாக்கு வயசு போயிட்டுதுண்டு சொல்றான். அவனுக்குத் தெரியா. எனக்குத் தெரியும்."

"என்னா தெரியும் மொதலாளி?"

"ரெண்டு கார்ண்டு. எங்கட வாப்பா மவுத்தாகக் கொள்ள சொல்லிட்டுத்தான் போன."

"அப்ப கதவுக்குக் கீழ தகடு வைக்கச் சொன்னது கொழும்பு ஆளு இல்ல."

"நான்தான். ஒட்டு மறையணும் தானே. பலத்துக்குப் பலம், மறைப்புக்கு மறைப்பு."

"பலமா? உள்ள இருக்கிறது பித்தள. நீங்க அத எரிச்சுப்புட்டீங்க. நீங்களும் சாவீங்க, எம் மகனையும் கொல்லுவீங்க."

"முப்பத்தாறு வருஷம் நிண்டதுதானே அண்ணே. சம்மட்டியால அடிச்சும் நிண்டதாம். இன்னும் மூணு நாள் நிக்காதா?" சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "சொல்றெண்டா இப்ப போய்ச் சொல்லுங்க. ஆனா அந்த மனுசன் ஒரு கேள்வி கேப்பாரு. பின்பக்கம் யார்ட காருண்டு. அத அவர் கேக்காட்டி பொலிஸ் கேக்கும். அந்தக் கார்ல வந்த ஆள் எங்கெண்டும் கேக்கும். எங்கட வாப்பா கபுர்க் குழில. வெட்டினது ஒங்கட கை. கராஜ் ஒங்கட மவன்ட பேர்ல."

நான் திரும்பி வந்து லொறி சீட்டில் உட்கார்ந்தேன். கொழும்பு ஆள் காரைச் சுற்றிப் படம் பிடித்தார். நம்பர்த் தகட்டின் நாலு ஆணியையும் தனித்தனியாகப் படம் பிடித்தார். கடைசியில் பேப்பரில் கையெழுத்துப் போட்டு ரமேஸின் கையைக் குலுக்கினார். ரமேஸ் என் பக்கம் திரும்பிப் பேப்பரைத் தூக்கிக் காட்டினான். நான் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் என் வாயில் புளிக்கிறது.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஸஜ்ஜாத் வருவார், இரண்டு பேரும் எல்கடுவ ரோட்டில் முதல்தடவை வேகமாக ஓட்டிப் பார்ப்பார்கள் என்று முடிவு. வெள்ளிக்கிழமை ரமேஸ் தலைக்கவசம் இரண்டு வாங்கிக்கொண்டு வந்தான். மகள் ஒன்றைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் ஓடித் திரிந்தாள். அவனிடம் இன்னொரு தடவை சொன்னேன். டொக்டரிடம் என்னை எந்த நாளில் காட்டலாம் என்று பிரவீனாவிடம் கேட்டான். கண் டொக்டரிடம் அல்ல.

சனிக்கிழமை விடிந்து ஆறு மணிக்கு, ரமேஸ் குளித்துக்கொண்டிருந்தபோது, ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தேன். என் லைசன்ஸ் முடிந்து நாலு வருஷம். கதவின் இடைவெளியில் விரலை விட்டேன். நகம் போகவில்லை. கார் நின்ற இடத்திலேயே தொய்யத் தொடங்கியிருந்தது.

ஒட்டு என்னுடையது. உடைவதாக இருந்தால் நான் மட்டும் இருக்கும்போது உடையட்டும் என்று நினைத்தேன். வீரம் ஒன்றும் இல்லை. எழுபத்து நாலு வயதில் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

உக்குவளை தாண்டி ஏற்றம் தொடங்கும் வரை நிதானமாகத்தான் போனேன். எஞ்சின் நல்ல எஞ்சின். ரமேஸின் கை நல்ல கை, அதைச் சொல்லத்தான் வேண்டும், இதுவரை அவனிடம் நான் சொன்னதில்லை. முதல் வளைவில் மிதித்துத் திருப்பினேன். எனக்குக் கீழே எங்கேயோ 'டிக்' என்று ஒரு சத்தம். கடிகாரச் சத்தம் மாதிரிச் சின்னது. அடுத்த வளைவில் இரண்டு 'டிக்'. பள்ளத்தை விலக்காமல் வேண்டுமென்றே உள்ளே விட்டேன். கதவின் மேல் விளிம்பு பொடியோடு உரசிப் பச்சைப் பெயிண்ட் பொடிப்பொடியாக என் முழங்கையில் விழுந்தது.

தேயிலை மலைகள் தொடங்கின. தோட்டத்து லயன் வீடுகளில் அடுப்புப் புகை. ரோட்டுக்கு ஒரு பக்கம் மண் திட்டு, மறுபக்கம் பள்ளம். இனி நிறுத்தலாம், கதவைக் காட்டினாலே போதும் என்று ஒரு நினைப்பு வந்தது. போதாது. கதவு இறுகினால் கீலைக் கழற்றிச் சரிபண்ணுவான் ரமேஸ். இடது பக்க சீட் காலியாகக் கிடந்தது. அவனுடைய புதுத் தலைக்கவசம் அதில் உருண்டுகொண்டிருந்தது. நான் எடுத்து வைத்ததல்ல. அவன் இரவே கொண்டுவந்து வைத்திருக்கிறான்.

ஃபேக்டரிக்குக் கீழே உள்ள கொண்டை ஊசி வளைவில், பாலத்து மேட்டில் ஏறும்போது மிதித்தேன். சத்தம் பெரிதாக இல்லை. காய்ந்த கிளை முறிகிற சத்தம்தான். முதலில் இடது பக்கம், பிறகு உடனே வலது பக்கம். ஸ்டியரிங் கையில் செத்துப்போனது. சீட் எனக்குக் கீழே இறங்கியது. கண்ணாடி என் முகத்தை நோக்கி வந்தது. பிரேக்கை மிதித்தேன், பிடித்ததா இல்லையா தெரியாது, வயிற்றுப்பக்கம் ரோட்டில் உராய்ந்து நெருப்புப் பறக்க, கார் மண் திட்டில் போய்ச் சாய்ந்தது. மறுபக்கம் சாய்ந்திருந்தால் நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

கதவு இரண்டும் திறக்கவில்லை. நெற்றியிலிருந்து இரத்தம் ஒழுகி ஒப்பரேஷன் பண்ணிய கண்ணுக்குள் போனது. கொழுந்துக்குப் போய்க்கொண்டிருந்த பொம்பிளைகள் நாலைந்து பேர் கூடையோடு ஓடி வந்தார்கள்.

"ஐயோ, தாத்தாடி! தாத்தா, உசுரு இருக்கா?"

"இருக்கு. ஏன் கத்துற?"

"காரு ரெண்டா ஒடைஞ்சு கெடக்கு, கேக்கிறாரு பாரு ஏன் கத்துறன்னு," என்று ஒருத்தி மற்றவளிடம் சொன்னாள். தலைத் துணியை அவிழ்த்து என் நெற்றியில் கட்டினாள். என்னை வெளியே தூக்கப் பார்த்தார்கள். வேண்டாம், மகன் வந்து பார்க்கட்டும் என்றேன்.

இருபது நிமிஷத்தில், காரைக் காணாமல் தேடிக்கொண்டு, ரமேஸ் மோட்டார் சைக்கிளில் வந்தான். தலை ஈரம் காயவில்லை. சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தான். "எங்கப்பா அடி? கால் அசையுதா? அசைங்க. ரெண்டையும் அசைங்க." அசைத்தேன். பிறகுதான் அவன் குனிந்து கீழே பார்த்தான்.

இடது பக்கச் சில் வாயைப் பிளந்து கிடந்தது. இரும்பு உடைந்த இடம் பொடிமணலாகச் சாம்பல் நிறம், நடுவில் மஞ்சள் கோடு. அவன் தகட்டைத் தொட்டான். விரலோடு ஒரு துண்டு கழன்று வந்தது. கால் வைக்கும் இடத்தில் தரை கிழிந்து ரோட்டுக் கல் தெரிந்தது. அவன் அங்கேயே மண்டியிட்டு இருந்தான்.

"நாங்க எம்பது கிலோமீட்டர்ல வர இருந்தோம்," என்றான் கடைசியில்.

"தெரியும்."

அவன் அழுதானா என்று என்னால் சொல்ல முடியாது, எனக்கு ஒரு கண்ணில் இரத்தம். முடிந்துவிட்டது, இனி அந்த சீட்டில் இவன் உட்கார மாட்டான் என்று நினைத்தேன்.

ரமேஸ் வழியிலிருந்தே ஃபோன் பண்ணியிருந்த ஸஜ்ஜாத் அப்போதுதான் வந்தார். அவருடைய லொறியும் பின்னால் வந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. நான் திட்டுக்குத் தயாராக இருந்தேன். என் நெற்றியைப் பார்த்தார், காரைப் பார்த்தார், ரோட்டை மேலும் கீழும் பார்த்தார்.

"வேற யாரு பாத்த?" என்றார்.

"தோட்டத்துப் பொம்பளைங்க," என்றான் ரமேஸ்.

"அவங்களுக்கு என்ன விளங்கும். தார்ப்பாய எடுத்து மூடு." அவர் ரமேஸின் தோளில் கை வைத்தார். "ரமேஸ், பேப்பர் நம்மட கைல ஈக்கு. அத யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க. ரெலிக்கு இன்னும் பதினேழு நாள். இந்த முறை பித்தளய முழுக்க வெட்டி எறிஞ்சிட்டு, சுத்த இரும்பு. அண்ணன் நல்லதுதான் செஞ்சிருக்காரு. பிழை எங்கண்டு காட்டித் தந்திருக்காரு. ஏலும் தானே?"

ரமேஸ் இல்லை என்று சொல்வான் என்று காத்திருந்தேன். அவன் இன்னும் மண்டியிட்டபடி இருந்தான். முகம் உடைப்பின் பக்கம்தான் திரும்பியிருந்தது. ஆனால் அந்த முகத்தில் இருந்த கலக்கம் போய்விட்டிருந்தது. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து, உடைப்பின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குச் சாண் போட்டுக்கொண்டிருந்தான்.

"ரமேஸ்," என்றேன்.

"ஒரு பக்கத்துக்குப் பதினாலு இஞ்சு வெட்டணும் மொதலாளி," என்றான் அவன், என்னைப் பார்க்காமல். "உள்ளுக்கு ஒரு இரும்புச் சனல் சட்டம் குடுத்தா நிக்கும். இப்பதான் என்னா இருக்குன்னு தெரியுதே."

"ரமேஸ், டேய்."

"அப்பா, கொஞ்சம் இருங்க."

லொறியைப் பின்னால் எடுத்தார்கள். சங்கிலியைக் கொண்டுவந்து முன்பக்கத்தில் மாட்டினார்கள். பின்பக்கத்துக்கு இன்னொரு சங்கிலி. ஸஜ்ஜாத் வந்து, மரியாதையாக, கையை நீட்டினார்.

"வாங்க அண்ணே, மெதுவா. ரமேஸ், வாப்பாவத் தூக்கு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவோம்."

ரமேஸ் என் அக்குளுக்குக் கீழே கை கொடுத்தான். நான் அவன் கையைத் தட்டிவிட்டு, ஸ்டியரிங்கின் பக்கத்திலிருந்து நகர்ந்தேன். தரை கிழிந்த இடத்தில் கால் வைக்காமல், தலைக்கவசத்தை எடுத்து வெளியே எறிந்துவிட்டு, இடது பக்க சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினேன். நாலு பக்கமும் வந்து நெஞ்சில் பூட்டுகிற புதுப் பெல்ட். ரமேஸ் பூட்டியது. இறுக்கமாகத்தான் இருந்தது.

"இறங்குங்கப்பா."

"மாட்டேன்."

"வெளையாடாதீங்க. காரத் தூக்கணும்."

"தூக்கு," என்றேன். "வெட்டுறதானாலும் ஒட்டுறதானாலும் நான் இதுக்குள்ளதான் இருப்பேன். பதினேழு நாளும் இருப்பேன்."

ரமேஸ் ஸஜ்ஜாத்தைப் பார்த்தான். ஸஜ்ஜாத் லொறிக்காரனைப் பார்த்தார். லொறிக்காரனுக்குத் தமிழ் தெரியாது. அவன் சங்கிலியை இழுக்கத் தொடங்கினான்.